வாடகை வந்தால் போதும்!

நாஞ்சில் நாட்டில் மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு. வைகாசிப் பாதியில் மேற்கிலிருந்து வரும் மழையை எங்கள் பெரியவர்கள் 'இடவப்பாதி' என்பார்கள். ஐப்பசியில் கிழக்கிலிருந்து வருவது மற்றொன்று. ஆண்டுக்கு இரு மழையைத் தாங்க வேண்டிய ஓட்டு வீட்டின் மீது, ஆண்டுக்கு இருமுறையேனும் உடையவனின் பார்வை பட வேண்டும். ஆறு ஆண்டுகள் நான் அந்தப் பார்வையைக் கூலிக்கு விட்டிருந்தேன். அதனால் நேர்ந்ததை எழுதுவதில் எனக்குப் பெருமை ஏதும் இல்லை. ஆயினும், அயல்நாட்டில் உழைத்துக்கொண்டு ஊரிலுள்ள வீட்டைப் பிறர் பொறுப்பில் விட்டிருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுள் ஒருவருக்கேனும் இது பயன்படுமானால் நான் பட்ட வெட்கம் வீண் போகாது.

உம்மாவின் வீடு

சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பிறந்த இடலாக்குடியில்தான் எங்கள் வீடும் இருக்கிறது. 1907-இல் சென்னையில் அறிஞர் நிறைந்த அவையில் நூறு காரியங்களை ஒரே அமர்வில் கவனத்தில் தாங்கி விடையளித்துப் புகழ் பெற்றவர் பாவலர். அவர் பிறந்த மண்ணில் பிறந்த நான், ஒரே ஒரு வீட்டைக் கவனத்தில் தாங்கத் தவறிவிட்டேன்.

வாப்பா கோட்டாறு சந்தையில் பலசரக்குக் கடை நடத்திச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் கட்டிய வீடு அது. முன்னே திண்ணை, நடுவே கூடம், பின்னே அடுக்களை, அதற்கும் பின்னே கிணறு. கோடையில் பக்கத்துக் கிணறுகள் வற்றினாலும் எங்கள் கிணறு வற்றியதில்லை. தண்ணீருக்கு வருபவர்களை வெறுங்குடத்தோடு அனுப்பக் கூடாது என்பது உம்மாவின் கட்டளை. அதற்காகவே புறவாசல் கதவுக்குப் பகலில் தாழ் போடமாட்டார்கள். சுபுஹு நேரத்தில் உம்மா ஒளுச் செய்ய நீர் இறைக்கும் கப்பியின் ஓசையில்தான் நாங்கள் கண் விழிப்போம்.

1994-இல் நான் பிழைப்புக்காகத் தம்மாம் சென்றேன். வாப்பா அதற்கு முன்னரே இறையடி சேர்ந்துவிட்டார்கள். 2015-இல் உம்மாவும் சென்றார்கள். என் மனைவி மக்கள் தக்கலையில் மாமனார் வீட்டருகே இருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கறையான் தின்னும் என்று பலரும் சொன்னதால், 2016-இல் வாடகைக்கு விடத் தீர்மானித்தேன்.

நகரில் வீடுகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அலுவலகம் வைத்திருந்த ஒருவரை உறவினர் அறிமுகப்படுத்தினார். அவர் பெயர் இங்கு வேண்டியதில்லை. குடியிருக்க ஆள் தேடுவது, வாடகை வசூலிப்பது, மாதம் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. வாடகையில் பத்தில் ஒரு பங்கு அவர் கூலி. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப் பதிவு வேண்டும் என்பதால், வழக்கம்போல் பதினொரு மாதத்திற்கென முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அந்தப் பதினொரு மாதம் முடிந்தபின் அதை யாரும் புதுப்பிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதந்தோறும் வாடகை வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. விடுமுறையில் வரும்போது திண்ணை வரை போவேன். முன்சுவர் வெண்மையாகவே இருக்கும். குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவது மரியாதை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவேன். அதில் மரியாதை பாதி, சோம்பல் பாதி என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கதவு திறந்தபோது

2022-இல் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்பினேன். ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டுக்குள் சென்றேன். வாசலைத் தாண்டியதும் எண்ணெய்க் கமறல் நெஞ்சை அடைத்தது. உம்மா தொழுகை விரிப்பு விரிக்கும் கூடத்தில் பெரிய பெரிய இரும்பு வாணலிகள் கிடந்தன. சுவரோரம் ஏத்தன் குலைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. குடியிருப்பவர்கள் ஏத்தங்காய்ச் சிப்ஸ் வறுத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார்கள். குடியிருக்கக் கொடுத்த வீடு தொழிற்கூடமாக மாறியிருந்தது.

புகை படிந்து கழுக்கோல்கள் கரிக்கட்டைகளாய்த் தெரிந்தன. சுவரில் கை வைத்தால் பிசுபிசுப்பு ஒட்டியது. அடுக்களை அங்கணத்தில் கழிவுநீர் வெளியேற வழியின்றித் தேங்கி நின்றது. புறவாசலில் காய்த்தோல் குவியல் அழுகி ஈ மொய்த்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியாகக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். பால் உறைகளும் எண்ணெய் உறைகளும் பழந்துணிகளும் மிதக்க, நீரின் மேல் எண்ணெய்ப் படலம் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. கப்பி துருப்பிடித்து ஒரு பக்கமாகத் தொங்கியது. அங்கே நிற்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றே மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் சார்" என்றார். ஒரு வாரம் கழிந்தும் ஆள் வரவில்லை. நேரில் சென்றேன். அவர் இல்லை. மீண்டும் சென்றேன். வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் முறை அகப்பட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பழைய வீடு அல்லவா சார், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஆறு வருடத்தில் ஒரு மாதமாவது வாடகை நின்றதா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாடகை நிற்கவில்லை என்பது உண்மைதான்.

சினமும் சட்டமும்

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீர்க் குழாயை அடைத்து, ஒரு வாரத்தில் அவர்களை வெளியேற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். உம்மாவின் தம்பியான என் மூத்த மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "மக்களே, தண்ணீருக்கு வந்த யாரையும் உன் உம்மா திருப்பி அனுப்பியதில்லை. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு நீ தண்ணீரை அடைக்கப் போகிறாயா?" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் தமக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் என்னை அழைத்துச் சென்றார்கள்.

அங்கே நான் அறிந்துகொண்டவை வீடு வைத்திருப்பவர் அனைவரும் அறிய வேண்டியவை. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 22-2-2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் அது வகுத்துச் சொல்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் குடியிருக்கும் வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைப் பார்வையிட விரும்பினால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எவ்வளவு பெரிய தகராறு இருந்தாலும் குடிநீரையும் மின்சாரத்தையும் உரிமையாளர் நிறுத்தக் கூடாது. பழைய சட்டமும் இதைத் தடுத்தே வைத்திருந்தது.

என்னை வியப்பில் ஆழ்த்தியது மற்றொன்று. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரின் கடமைகளையும் இச்சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. ரசீது கொடுத்து வாடகை வாங்குவது, உரிமையாளர் சார்பில் அவசியப் பழுதுகளைச் செய்வது, அவ்வப்போது வீட்டைப் பார்வையிடுவது, பராமரிப்புக் குறைந்தால் எழுத்தில் எச்சரிப்பது, இரு தரப்பிலும் பிணக்கு எழுந்தால் தீர்த்துவைக்க உதவுவது ஆகியவை அவர் வேலை. இவற்றுள் வாடகை வாங்குவதைத் தவிர வேறொன்றும் எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

"வழக்குப் போடலாம். ஆனால் உங்களிடம் நடப்பிலுள்ள ஒப்பந்தமும் இல்லை, அவர்களுக்கு நீங்கள் எழுதிய ஒரு கடிதமும் இல்லை. முதலில் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள்" என்றார் வழக்கறிஞர்.

நோட்டுப் புத்தகத்தில் என் குரல்

மாமாவும் நானும் மறுபடியும் அந்த வீட்டுக்குச் சென்றோம். நான் கடுகடுப்போடு பேசத் தொடங்கினேன். அந்த வீட்டுப் பெண்மணி மறுமொழி ஏதும் கூறாமல் உள்ளே சென்று, பால் கணக்கு எழுதும் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாமாவின் கையில் கொடுத்தார்.

அதன் கடைசிப் பக்கங்களில் தேதி தேதியாகக் குறிப்புகள் இருந்தன. முதற்குறிப்பு ஒக்கிப் புயலைப் பற்றியது. 2017 நவம்பர் 30 அன்று நம் மாவட்டத்தை அலைக்கழித்த அந்தப் புயலை நம்மில் யார் மறப்பார்? கடலுக்குச் சென்ற மீனவச் சகோதரர்கள் பலர் திரும்பவே இல்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் கணக்கின்றிச் சாய்ந்தன. அன்று எங்கள் வீட்டுப் படுக்கையறை மேல் ஒரு தென்னை விழுந்து ஓடுகள் நொறுங்கியிருக்கின்றன. மூன்றாம் நாளே மேலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வரவில்லை. அவர்களே தார்ப்பாய் வாங்கிக் கட்டி, பெட்டி படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அதன்பின் அங்கணம் அடைத்தது, சுவரில் மின்சாரம் கசிந்தது, கழுக்கோல் ஒன்று உளுத்து இறங்கியது என ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, சொன்ன நாளும் கிடைத்த பதிலும் இருந்தன. பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். 'முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார். சிறு காரியங்களுக்கெல்லாம் அவரை அழைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.'

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. புயல் ஓய்ந்த வாரம் மேலாளர் என்னைத் தம்மாமுக்கு அழைத்தது மெய். "ஓடு கொஞ்சம் உடைந்திருக்கிறது சார்" என்று அவர் தொடங்கியதும் மெய். நானோ கணக்கு முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். "இந்தச் சிறு காரியங்களுக்கெல்லாம் என்னை அழைக்காதீர்கள். வாடகை வந்தால் போதும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை அவர் ஐந்து ஆண்டுகள் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். அவரைப் பிழை சொல்லலாம். ஆனால் கேடயத்தை அவர் கையில் கொடுத்தவன் நான்.

இத்தனைக்கும் வாடகை வீட்டுத் துன்பம் அறியாதவன் அல்லன் நான். தம்மாமில் தொடக்க காலத்தில் எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தோம். கோடையில் குளிர்சாதனம் பழுதாகி நீர் ஒழுகியபோது, கட்டடக் காவலரான ஹாரிஸிடம் நாள்தோறும் முறையிட்டோம். "புக்ரா, இன்ஷா அல்லாஹ்" என்பார். அந்த 'நாளை' வர இரண்டு மாதம் ஆயிற்று. கட்டடத்தின் உரிமையாளரை நாங்கள் கண்டதே இல்லை. இவ்வளவு பேர் இவ்வளவு வேதனைப்படுவது அவருக்குத் தெரியவே தெரியாதா என்று இரவுகளில் பேசிக்கொள்வோம். அந்தக் காணாத உரிமையாளனாக நானே மாறியிருந்ததை ஒரு பால் கணக்கு நோட்டுதான் எனக்குக் காட்டியது.

ஆனாலும் கிணற்றை என்னால் விட முடியவில்லை. "ஓடு உடைந்தது என் குற்றம். கிணற்றில் குப்பை போட்டது யார் அம்மா?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்தார். "நாங்கள்தான் அண்ணே. வந்த புதிதில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். அங்கணம் அடைத்து அழுக்குத் தண்ணீர் கிணற்றடிக்குப் பாய்ந்த பிறகு குடிப்பதை விட்டோம். கேட்பவரும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. யாருடைய வீடோ என்று எங்களுக்கும் மனம் விட்டுப்போயிற்று" என்றார்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. உடையவன் கைவிட்ட வீட்டை இருப்பவனும் கைவிடுகிறான். இருப்பவன் கைவிட்டதைக் கண்டு உடையவன் சினக்கிறான். இருவருக்கும் நடுவில் செய்தி சுமக்க வேண்டியவர், சுமக்காமல் இருப்பதே தமக்கு இலகு என்று கண்டுகொள்கிறார்.

கணக்குத் தீர்த்தோம்

மாமா முன்னிலையில் இரண்டு தாள்களை எடுத்து இரண்டு பட்டியல் எழுதினோம். சட்டத்தின் அட்டவணை எங்களுக்கு வழிகாட்டியது. கட்டடத்தின் கூரை, சுவர் பழுதுகள், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. சாக்கடை அடைப்பு நீக்குதல், குழாய்த் திருகு, மின்விசைப் பொத்தான், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒரு தரப்பு தன் பங்கைச் செய்யாவிடில், மறு தரப்பு செய்துவிட்டு முன்பணத்திலோ வாடகையிலோ வரம்புக்குட்பட்டுக் கழித்துக்கொள்ளவும் இடமுண்டு.

என் பட்டியலை நான் நிறைவேற்றினேன். ஓடு மாற்றி, உளுத்த கழுக்கோல்களை எடுத்துவிட்டுப் புதியவை இட்டேன். மின்கம்பிகளை முழுதும் மாற்றினேன். தார்ப்பாய் வாங்கிய செலவையும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

அங்கணம் ஏன் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்பதைக் குழாய் வேலைக்கு வந்தவர் விளக்கினார். நம் மாவட்டத்தில் சிப்ஸ் வறுப்பது தேங்காய் எண்ணெயில். அது ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். வாணலியில் மிஞ்சிய எண்ணெயைச் சுடச்சுட ஊற்றும்போது வழுக்கிக்கொண்டு ஓடும். மழைக்கால இரவில் மண்ணுக்கடியில் குளிர்ந்து மெழுகாய் இறுகிக் குழாயை அடைக்கும். அவர் வெட்டி எடுத்த குழாய்த்துண்டின் உள்ளே சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாக அடைத்திருந்தது. வறுக்கும் தொழிலை வீட்டுக்கு வெளியே கொட்டகை ஒன்றுக்கு மாற்ற இரண்டு மாதத் தவணை கொடுத்தேன். மாற்றினார்கள். வறுத்து மிஞ்சும் எண்ணெயை இப்போது தகரங்களில் சேர்த்து விற்கிறார்கள். அத்தகைய எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலுக்குப் பயன்படுத்தும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தொடங்கியிருக்கிறது.

கிணறு தூர்வார இரண்டு நாள் ஆயிற்று. அடியில் நச்சுக்காற்று இருக்கக்கூடும் என்பதால் பழகிய ஆட்களையே அமர்த்தினோம். அந்தச் செலவு அவர்கள் முன்பணத்தில் கழிக்கப்பட்டது. மறுப்புச் சொல்லவில்லை. கிணற்றடியில் அவர்கள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் சேர்ந்து குப்பையை வாரினார்கள்.

மேலாளரிடம் சென்று பொறுப்பை முடித்துக்கொள்வதாகச் சொன்னேன். "நீங்கள் சொன்னபடிதானே நடந்தேன் சார்" என்றார். "ஆம், வாடகையைப் பொறுத்தவரை நான் சொன்னபடி நடந்தீர்கள். மாதம் ஒருமுறை பார்ப்பதற்கும் கூலி வாங்கினீர்களே, அது யார் சொன்னபடி?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை. அந்த மாதம் வரையுள்ள கூலியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கு அறிவுரை கூறும் தகுதி அன்று எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

சகோதரர்களுக்கு ஒரு சொல்

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் வீட்டைக் கொடுக்கும்போது 'நம் ஆள்தானே' என்று எழுதாமல் விடுகிறோம். எழுதுங்கள். வாடகைத் தொகையோடு நின்றுவிடாமல், எந்தப் பழுது யாருடையது, வீட்டில் தொழில் செய்யலாமா, குப்பையை எங்கே சேர்ப்பது என்பதையும் எழுதுங்கள். சாவி கொடுக்கும் அன்றே ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு ஒரு பெண் தம் தந்தையிடம் பரிந்துரைத்தபோது இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார். ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகம். மேலாளரை அமர்த்தும்போது நான் தேடியது வசூலிக்கும் வலிமை ஒன்றையே. நம்பகம் என்பது, நமக்குப் பிடிக்காத செய்தியையும் நம்மிடம் கொண்டுவரும் குணம். அத்தகைய செய்தியைக் கேட்கும் பொறுமை நம்மிடம் இல்லாவிட்டால், நம்பகமானவரும் நாளடைவில் வாய் மூடிக்கொள்வார். ஆகவே மேலாளர் இருந்தாலும் உங்கள் தொலைபேசி எண்ணைக் குடியிருப்பவரிடம் நேரடியாகக் கொடுத்து வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை, இடவப்பாதிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும், நீங்களோ உங்கள் வீட்டார் ஒருவரோ அறிவித்துவிட்டுச் சென்று பாருங்கள். வீட்டில் குடியிருக்கும் சகோதரர்களும், பிறர் பொருள் நம் கையில் இருக்கும் வரை அமானிதம் என்பதை மறக்க வேண்டாம்.

அந்தக் குடும்பம் இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்கிறோம். கப்பி புதிதாகப் பூட்டப்பட்டு மீண்டும் ஓசை எழுப்புகிறது. கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்தேன். துவைக்கவும் கழுவவும் ஆகும், குடிக்க ஆகாது என்று முடிவு வந்தது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் இறைத்து இறைத்து ஊற விடுகிறோம். உம்மாவின் கிணற்று நீரை ஒரு மிடறு குடிக்கும் நாள் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. அந்த நாளை அல்லாஹ் அருள்வானாக. அதுவரை வாடகை வந்ததா என்று எவரேனும் என்னிடம் கேட்டால், வீடு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.